காலிப் போத்தலுக்கு 10 காசு... யார் பொறுப்பு?

தெம்பனிஸ் பேரங்காடியில் போத்தல் பானம் வாங்கும்போது கூடுதலாக 10 காசு. அட, இன்னொரு வரியா? இல்லை, அது முன்பணம்.

2026 ஏப்ரல் 1-இல் தொடங்கும் திட்டம் அது. 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான, முன்பணச் சின்னமுள்ள பிளாஸ்டிக் போத்தலையோ உலோகக் கலனையோ திருப்பித் தந்தால் காசு கிடைக்கும். நசுக்கிடாதீங்க! பார்கோடு தெரியாவிட்டால் இயந்திரம் ஏற்காது.

அவற்றைத் திரட்டி மறுபயனீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு, பானத்தைத் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் நிறுவனங்களுடையது. பெரிய மாற்றமே இதுதான். நீலத் தொட்டியில் போட்டால் வேலை முடிந்தது என்றிருந்தோம். அதில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவுவதில்லை. செமாக்காவ் குப்பை நிரப்பு நிலமோ 2035-க்குள் நிரம்பிவிடலாம்.

10 காசுதானே என்று வீசுபவர்களும் இருப்பார்கள். எடுத்துத் திருப்பித் தருபவருக்கு அந்தக் காசு!