‘மளை’ என்று எழுதினால் மார்க் காலி! பாளையம்பட்டி வாண்டுகளை மடக்கும் எழுத்துகள்

பாளையம்பட்டி:

ஒன்றாம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, “பாளையம்பட்டி” என்று எழுதச் சொல்லுங்கள். சொந்த ஊர்ப் பேர்தானே, எழுதிவிடுவான் என்றுதான் நினைப்பீர்கள். அங்கேதான் வினை!

மொத்தம் ஏழே எழுத்து. முதல் எழுத்துக்குக் கால் பின்னால் வருகிறது. அடுத்த எழுத்துக்குக் கொம்பு முன்னால் வருகிறது! வாய் ‘ள்’ என்று தொடங்கி ‘ஐ’ என்று முடிக்கிறது. கையோ கொம்பை முதலில் போட வேண்டும். பையன் பாவம், ‘ள’ போட்டுவிட்டுத் திருதிருவென முழிக்கிறான்.

தாத்தாவிடம் கேட்டால் குழப்பம் இரட்டிப்பு! அவர் படித்த ‘ளை’ வேறு. எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு போடுவார்கள். பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ ஏட்டில் கொண்டு வந்த சீர்திருத்த எழுத்தை, 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு உத்தரவாகப் போட்டது. துதிக்கை போனது. ணை, லை, ளை, னை எல்லாம் மற்ற எழுத்துகள் மாதிரியே ஆயின. தாத்தா கை மட்டும் இன்னும் பழைய பாதையிலேயே போகிறது.

வானம் பார்த்த பூமி

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானத்தை நம்பிய கரிசல் காடு. பிள்ளை காதில் அடிக்கடி விழும் வார்த்தை மழை. ஆனால் வீட்டில் யார் ‘மழை’ என்கிறார்கள்? “மளை வருமா, வராதா” என்றுதான் பேச்சு. கோளி, வாளப்பளம் எல்லாம் அப்படித்தான்.

பிள்ளை அதைக் கேட்டு ‘மளை’ என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி!

சரியாகச் சொன்னால், அந்தப் பிள்ளைக்குக் காது நல்ல காது. கேட்டதை அப்படியே எழுத்தில் பிடித்துவிட்டது. பிழை என்று ஒரே கோடாக அடித்துத் தள்ளாமல், “நாம பேசுறது இப்படி, புத்தகத்துல எழுதுறது இப்படி, ராசா” என்று நாலு தடவை சொன்னால் பிடித்துக்கொள்ளும். அடித்தால் நோட்டைத் திறக்கவே பயப்படும்.

மனப்பாட மோசடி!

இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை ஒன்று வீட்டுக்கு வீடு நடக்கிறது. பையன் பாடத்தைத் திறந்து, விரலை ஓட்டி, கடகடவென்று வாசிக்கிறான். அப்பாவுக்குப் பெருமை. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும்! வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பாடமாகிவிட்டது, அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, “இது என்ன?” என்று கேளுங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

‘247 எழுத்தாச்சே, பிள்ளை தாங்குமா?’ என்று மலைக்க வேண்டாம். காலும் கொம்பும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். கு, சு, டு, மு வரிசைதான் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் முரண்டு பிடிக்கும். அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். அ, ஆ-வில் தொடங்காமல் ட, ப, ம என்று எளிய கோடுகளில் தொடங்குவதும் ஒரு முறை. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம் என்று முதல் வாரமே வார்த்தை படிக்கலாம்.

கொரோனா வைத்த ஓட்டை

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, கரும்பலகையைப் பார்த்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது! 2022-ல் ‘ஏசர்’ அமைப்பு கிராமங்களில் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டின் 3-ம் வகுப்புப் பிள்ளைகளில் 2-ம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 100-க்கு 5 பேர்கூட இல்லை. 2024 கணக்கில் நிலைமை தேறியிருக்கிறது.

இடையில் அரசும் சும்மா இல்லை. 2021-ல் சாயங்கால வகுப்பாக ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். இதில் வகுப்பைப் பார்ப்பதில்லை, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். 3-ம் வகுப்புப் பிள்ளை ‘அரும்பு’ என்றால் எழுத்திலிருந்தே தொடக்கம். ‘எம் பிள்ளையப் பின்னாடி தள்ளிட்டாங்களே’ என்று சில பெற்றோர் முகம் சுளிக்கலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டு 5-ம் வகுப்புக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாளில் மனு எழுதித் தர ஆள் தேடி, கையில் ரூபாயோடு நிற்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! எழுதிய மனுவில் என்ன இருக்கிறது என்று அவர்களால் வாசித்துப் பார்க்கவும் முடியாது.

தறி போடும் வீடு, மில் வேலைக்குப் போகும் வீடு. ‘பாடம் சொல்லித் தர நேரம் ஏது?’ என்பார்கள். நோட்டு வேண்டாம், டியூஷன் வேண்டாம். அருப்புக்கோட்டை பஸ்சுக்கு நிற்கும் நேரம் போதும். பஸ் போர்டைக் காட்டி, “இதுல ‘கோ’ எங்க இருக்கு, கண்டுபிடி” என்று கேளுங்கள். பஸ் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டால், அடுத்து ‘ட்’, ‘டை’!