இயந்திரம் போடும் பில்லை வாடிக்கையாளர் எப்போது நம்புகிறார்?

கணக்கு சுத்தமாக இருக்கும், கூட்டமும் சீக்கிரம் கலையும் என்று எண்ணித்தான் கடைக்குக் கணிப்பொறி வாங்குகிறோம். இவை இரண்டும் சில வாரங்களில் கைகூடிவிடும். ஆனால் அது போடும் பில்லை வாடிக்கையாளர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிச் செல்ல எத்தனை காலம் ஆகும்? பார்கோடு வந்த கதையைப் பார்த்தால் நம் வணிகர்களுக்கு இது விளங்கும்.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரிலுள்ள மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் 67 சென்ட் விலையுள்ள ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்று ஸ்கேனரில் காட்டப்பட்டுப் பில்லானது. கடையில் பார்கோடு மூலம் விற்ற முதல் சரக்கு அதுதான். அந்தக் கோடுகளுக்குள் விலை கிடையாது. சரக்கின் எண் மட்டுமே உண்டு. விலை கடைக்காரரின் கணிப்பொறியில் இருக்கிறது. தகராறு இங்கேதான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் விலைச் சீட்டு ஒட்டும் கூலி இனி மிச்சம் என்று கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். வாடிக்கையாளர்களோ, அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்றால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் சந்தேகப்பட்டது இயந்திரத்தை அல்ல, அதற்குள் விலையை ஏற்றுகிற நம்மைப் போன்றவர்களை. மிச்சிகன் மாநிலம் 1976-இல், சரக்குகளில் தனித்தனியே விலை ஒட்ட வேண்டும் என்று சட்டமே போட்டது. அது நீங்கியது 2011-இல். அப்போதும் அபராதம் நீங்கவில்லை. ஸ்கேனர் கூடுதலாகப் போட்டால், வித்தியாசத் தொகையோடு அதன் பத்து மடங்கையும் வாடிக்கையாளர் கேட்டு வாங்கலாம். குறைந்தது 1 டாலர், அதிகபட்சம் 5 டாலர்.

1996-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் கடைகளில் ஸ்கேனர் விலைகளைச் சோதித்தது. கூடுதலாகப் போட்ட தவறுகளைவிடக் குறைவாகப் போட்ட தவறுகளே சற்று அதிகம் என்று தெரிந்தது. ஆனால் குறைத்துப் போட்ட பில்லைத் தூக்கிக்கொண்டு யாரும் கடை வாசலில் நியாயம் கேட்க வருவதில்லை. கூட்டிப் போட்ட ஒரு பில் மட்டும் தெரு முழுக்கச் சுற்றி வரும்.

நம் நாட்டில் பாக்கெட்டிலேயே அதிகபட்ச விலை அச்சாகி வருவதால் இந்தச் சண்டை பெரிதாகவில்லை. ஆயினும் ஆபத்து அந்த அச்சிலேயே இருக்கிறது. ஒரே பார்கோடு எண்ணில் பழைய விலைப் பாக்கெட்டும் புதிய விலைப் பாக்கெட்டும் கடையில் கிடப்பது நமக்குப் புதிதல்ல. 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், சோப்பு, ஷாம்பு போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, விலையைத் திருத்த மறந்த கணிப்பொறி அச்சிட்ட விலைக்கு மேல் பில் போடும் நிலை வந்தது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். 'கம்ப்யூட்டர் அப்படிப் போட்டுவிட்டது' என்ற பதிலை அதிகாரியும் ஏற்கமாட்டார், பத்து வருடமாகக் கடைக்கு வரும் அம்மாவும் ஏற்கமாட்டார். புது விலைச் சரக்கு இறங்கும் நாளில், மூட்டையைப் பிரிக்குமுன் கணிப்பொறியைத் திருத்துவது நல்லது.

எலெக்ட்ரானிக் தராசுக்கும் இதே கதைதான். பழைய தராசில் முள் ஆடி நிற்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களுக்கு, எண் மட்டும் காட்டும் பெட்டி எப்படித் திருப்தி தரும்? எண் வாடிக்கையாளர் பக்கமும் தெரிவதும், சாமான் வைக்குமுன் பூஜ்யம் நிற்பதும், கேட்டவுடன் ஒரு கிலோ கல்லை வைத்துக் காட்டுவதும்தான் அந்தச் சந்தேகத்தைக் கரைக்கும். எடைக்கல்லுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை. அந்தச் சான்றிதழைக் கல்லா டிராயருக்குள் பூட்டி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். யார் பார்ப்பதற்காகவோ!

இயந்திரத்தைச் சந்தேகிப்பதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. கல்லா இயந்திரமே அப்படிப் பிறந்ததுதான். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, வேலையாட்கள் காசை எடுப்பதைத் தடுக்க 1879-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதில் மணியும் சேர்ந்தது. விற்பனை பதிவானது முதலாளியின் காதில் விழவேண்டும் அல்லவா?

2016-இல் யு.பி.ஐ. வந்தபின் நம் கடைகளிலும் அந்த மணி திரும்ப வந்தது. பணம் அனுப்பியதாகப் போலிப் படம் காட்டியவர்களும் உண்டு, கடையின் கியூ.ஆர். அட்டை மேல் தங்கள் அட்டையை ஒட்டிப்போனவர்களும் உண்டு. தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு வாடிக்கையாளரின் கைபேசி செய்தி தருவதில்லை. பணம் கையாளும் நிறுவனமே தருகிறது. அதனால்தான் கடைக்காரர் அதை நம்புகிறார். அதுவும் பத்து, இருபது ரூபாய் வரைக்கும்தான். ஆயிரத்தைத் தாண்டினால், பெட்டி சொன்ன பிறகும் தன் கைபேசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுகிறார்.