பிழையும் பொறுப்பும்

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குபவன் அப்பொருளை மட்டும் வாங்குவதில்லை; அதனைச் செய்தவன்மீது கொண்ட நம்பிக்கையையும் உடன் கொண்டே இல்லம் திரும்புகிறான். குடம் வாங்குபவன் அதனைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். துணி வாங்குபவன் அதன் இழையைத் தடவிப் பார்த்து வாங்கலாம். ஆனால், நுண்ணிய உறுப்புகள் பலவற்றை உள்ளடக்கிய கைப்பேசியின் நலத்தை அவ்வாறு ஆராய்ந்து காண்டல் இயலாது. கண்ணுக்குப் புலனாகாத வானலைகளை அது நன்கு ஏற்குமா, ஏலாதா என்பது பயன்படுத்திய பின்னரே தெளிவாகும். ஆதலின், வாங்குவோரின் நம்பிக்கை மிகுந்தோறும் செய்வோரின் பொறுப்பும் மிகும். 2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோன் 4 என்னும் கைப்பேசியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

அவ்வரலாற்றை அறியுமுன் கைப்பேசி இயங்கும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மின்னாற்றலும் காந்த ஆற்றலும் இணைந்து அலைகளாய் வெளியிற் பரவும் என்று மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் கணக்கியல் வழியாக நிறுவினார். அவ்வலைகளைத் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியும் ஏற்றும் காட்டியவர் செருமானிய நாட்டு அறிஞர் எர்ட்சு. நம் நாட்டு அறிஞர் சகதீச சந்திர போசு 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இவ்வலைகளைச் சுவரையும் கடந்து செல்லச் செய்து காண்போரை வியப்பில் ஆழ்த்தினார். இன்று நாம் கைப்பேசியிற் பேசும் சொற்கள் இத்தகைய அலைகளின்மேல் ஏறியே அண்மையிலுள்ள கோபுரத்தை அடைகின்றன. அங்கிருந்து வரும் சொற்களும் அவ்வாறே நம்மை வந்து சேர்கின்றன. இவ்வாறு வரும் அலைக்குறிப்பையே மக்கள் சிக்னல் என வழங்குவர்.

அலைகளை ஏற்கவும் விடுக்கவும் பயன்படும் உறுப்பு வான்கம்பி எனப்படும். ஆன்டெனா என்பதும் அதுவே. எந்தக் கம்பியும் எந்த அலையையும் நன்கு ஏற்றுவிடும் என்று கருதுதல் தவறு. அலையின் நீளத்திற்கும் கம்பியின் நீளத்திற்கும் பொருத்தம் இருத்தல் வேண்டும். நொடிக்கு 90 கோடி முறை அதிரும் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் ஆகும். அதனை ஏற்க அந்நீளத்தின் காற்பங்கான 8 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பி பொருந்தும். வீணையின் நரம்பு அதன் நீளத்திற்கும் முறுக்கத்திற்கும் ஏற்ற சுரத்தையே ஒலிப்பது போல, வான்கம்பியும் தனக்கென அமைந்த அதிர்வுடைய அலைகளையே சிறப்பாக ஏற்கும்.

முற்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றில் இவ்வான்கம்பி ஒரு சிறு கொம்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னர் அழகு கருதி அதனைக் கருவியின் உள்ளே மறைத்து வைத்தனர். ஐபோன் 4ஐ வகுத்தோர் புதியதொரு வழியைக் கண்டனர். அக்கருவியின் தடிப்பு 9.3 மில்லிமீட்டரே. முன்னும் பின்னும் கண்ணாடி. அவற்றிற்கு இடையே, கருவியைச் சுற்றிலும் துருவேறா எஃகினால் ஆகிய பட்டை ஒன்று. அப்பட்டையே கருவிக்கு உறுதி தரும் சட்டமாகவும், அலைகளை ஏற்கும் வான்கம்பியாகவும் அமைந்தது. வெவ்வேறு பணிகளுக்குரிய வான்கம்பிகள் ஒன்றோடொன்று தொடாதிருத்தற் பொருட்டு, மெல்லிய கறுப்புக் கோடுகள் போன்ற இடைவெளிகள் அப்பட்டையில் விடப்பட்டன. அவற்றுள் ஒன்று கருவியின் இடப்பக்கத்தில், கீழ்மூலைக்கு அருகில் இருந்தது. இடைவெளி சிறிது, அதனால் விளைந்த இடரோ பெரிது.

2010ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் அக்கைப்பேசி அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, செருமனி, சப்பான் ஆகிய ஐந்து நாடுகளில் விற்பனைக்கு வந்தது. மக்கள் கடைகளின் முன் நெடுநேரம் வரிசையில் நின்று அதனை வாங்கினர். முதல் மூன்று நாள்களில் 17 இலட்சம் கருவிகள் விற்றன. ஆனால், வாங்கியவர்களின் மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. கருவியை இடக்கையிற் பற்றியவுடன் அலையின் வலிமையைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைவதைப் பலர் கண்டனர். கருவியை மேசைமேல் வைத்தால் கோடுகள் மீண்டும் தோன்றின. சிலருக்குப் பேச்சு இடையிலேயே அறுந்தது. பேசுவதற்கென்றே வாங்கிய கருவி, பேசுவதற்காகக் கையில் எடுத்தவுடன் செயல் குன்றுமாயின், வாங்கியவர் உள்ளம் வெதும்பாதிருக்குமோ?

இதற்குக் காரணம் யாது? மனித உடலில் நீரும் உப்பும் மிகுதியாக உள்ளன. ஆதலின், அது மின்னோட்டத்தை ஓரளவு கடத்தும்; வானலையின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே கொள்ளும். எந்தக் கைப்பேசியையும் கையால் இறுகப் பொத்தினால் அலை சிறிது குன்றுவது இதனாலேயே. ஐபோன் 4இல் வேறொரு குறையும் சேர்ந்தது. உள்ளங்கை இடப்பக்கத்து இடைவெளியின்மேற் படிந்தபோது, பிரிந்திருக்க வேண்டிய இரண்டு எஃகுத் துண்டுகளையும் அது பாலம் போல இணைத்தது. இசைக்கின்ற நரம்பின் நடுவே விரல் பட்டால் சுரம் மாறுவது போல, கை பட்டவுடன் வான்கம்பியின் பொருத்தமும் மாறியது. கோபுரம் அண்மையில் இருந்தபோது இக்குறை புலப்படவில்லை. அலை மெலிந்த இடங்களிலோ பேச்சே அறுந்தது.

மக்கள் முறையிட்டபோது நிறுவனம் முதலில் கூறிய விடை அவர்தம் மனக்குறையை மேலும் வளர்த்தது. எக்கைப்பேசியையும் பற்றினால் அலை ஓரளவு குன்றும் என்றும், இடப்பக்கக் கீழ்மூலையை மறைக்காமற் பிடிக்க வேண்டும் என்றும், அன்றேல் உறை ஒன்றனை வாங்கி இட்டுக்கொள்ளலாம் என்றும் அது கூறியது. அவ்விடையின் முற்பகுதி உண்மையே. எனினும், வலக்கையால் எழுதுவோர் கைப்பேசியை இடக்கையிற் பற்றுதல் இயல்பு. கருவி மனிதனின் கைக்கு ஏற்ப அமைதல் வேண்டுமேயன்றி, மனிதன் தன் கையைக் கருவிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளல் வேண்டும் என்பது முறையாகுமோ? நிறுவனம் விற்ற உறையின் விலையோ 29 டாலர். பெருவிலை கொடுத்து வாங்கிய பொருளின் குறையைப் போக்க மீண்டும் விலை கொடுப்பதா என மக்கள் வினவினர்.

சூலை 2ஆம் நாள் நிறுவனம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. அலையின் வலிமையைக் கோடுகளாகக் கணக்கிட்டுக் காட்டும் முறையே பிழையானது என்றும், சில வேளைகளில் இருக்க வேண்டிய அளவினும் இரண்டு கோடுகள் மிகுதியாகக் காட்டப்பட்டன என்றும் அது ஒப்புக்கொண்டது. பாலிற் பாதியே உள்ள கலத்தை நிறைகலம் எனக் காட்டும் அளவுகோல் போன்றது அக்கணக்கு. மிகுதியாகக் காட்டியமையாலேயே, கை பட்டவுடன் கோடுகள் பல ஒருங்கே வீழ்ந்தன போலத் தோன்றின. அக்கணக்கைத் திருத்தும் மென்பொருள் அம்மாதமே வெளிவந்தது. ஆயினும், அளவுகோலைத் திருத்துதல் வேறு. கலத்தில் உள்ள ஓட்டையை அடைத்தல் வேறு அன்றோ?

உண்மையை நடுநின்று ஆராய ஓர் அமைப்பு முன்வந்தது. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு முதல் பொருள்களை ஆராய்ந்து, வாங்குவோருக்கு அறிவுரை கூறிவரும் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பே அது. வெவ்வேறு கடைகளில் மூன்று கருவிகளைத் தானே விலை கொடுத்து வாங்கி, வெளியலைகள் புகாத தனியறையில் வைத்து அது சோதித்தது. வேறு கைப்பேசிகள் சிலவற்றையும் உடன் வைத்து ஒப்பிட்டது. அவற்றிற் காணப்படாத குறை இக்கருவியில் இருத்தலைச் சூலை 12ஆம் நாள் அறிவித்தது. கருவியின் திரை முதலிய பிற சிறப்புகளைப் பாராட்டிய அவ்வமைப்பு, இக்குறை தீருங்காறும் இதனை வாங்குமாறு பரிந்துரைத்தல் இயலாது எனத் தெளிவாக உரைத்தது. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே எடுத்துரைத்தமையால் அதன் சொல்லுக்கு வலிமை மிகுந்தது.

சூலை 16ஆம் நாள் நிறுவனத்தின் தலைவர் இசுடீவ் சாப்சு செய்தியாளர்களைக் கூட்டினார். தாங்களும் கைப்பேசிகளும் குறையற்றவை அல்ல என்று அவர் ஒப்புக்கொண்டார். பிற நிறுவனங்களின் கருவிகளும் கை பட்டால் அலை குன்றுவதைப் படங்கள் வாயிலாகக் காட்டினார். மூன்று வாரங்களில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன என்றும், வாங்கியவர்களுள் நூற்றுக்கு 0.55 பேரே இக்குறை பற்றி முறையிட்டனர் என்றும் கணக்குக் கூறினார். எனினும், செப்டம்பர் 30ஆம் நாள் வரை வாங்குவோர் அனைவருக்கும் உறை விலையின்றி வழங்கப்படும் என்றும், விரும்பாதோர் 30 நாள்களுக்குள் கருவியைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம் என்றும் அறிவித்தார். உறை எஃகுப் பட்டையைக் கை தொடாதவாறு காத்தமையால் குறை பெரிதும் தணிந்தது.

நூற்றுக்கு அரை என்னும் அளவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், 30 இலட்சத்தில் அது 16,000 பேருக்கு மேலாகும். அவருள் ஒவ்வொருவருக்கும் தம் பொருளும் தம் இடரும் முழுமையே. நூற்றில் ஒரு பின்னம் அல்ல. முறையிடாது பொறுத்துக்கொண்டோர் இக்கணக்கில் அடங்கார் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

காலப்போக்கில் கருவியே திருந்தியது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மற்றொரு தொலைபேசி நிறுவனத்திற்காக வெளிவந்த கருவியில் இடைவெளிகளின் இடம் மாற்றி அமைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த ஐபோன் 4எஸ், இரண்டு வான்கம்பிகளுள் நன்கு ஏற்கும் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளும் திறன் பெற்றது. வாங்கியோர் சிலர் தொடுத்த வழக்கும் 2012ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. அதன்படி, அமெரிக்காவில் கருவியை வாங்கியோர் 15 டாலரோ உறையோ பெற உரிமை எய்தினர்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. பேரறிவும் பெரும்பொருளும் உடையோர் செய்யும் வினையிலும் பிழை நேர்தல் இயல்பே. பிழை நேர்ந்தபின், அதனைப் பிறர்மேல் ஏற்றாது தாமே ஏற்றுத் திருத்துதல்தான் பெருமை தருவது. பிடித்த கையைக் குறை கூறியபோது இழந்த மதிப்பை, குறையை ஒப்பி ஈடு செய்தபோதே அந்நிறுவனம் மீட்கத் தொடங்கியது. வாங்குவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வெறுஞ்சினம் காற்றில் கரைந்துவிடும். எவ்விடத்தில், எவ்வாறு, எப்போது குறை தோன்றுகிறது எனக் கண்டு சான்றுடன் எடுத்துரைக்கும் முறையீடோ பயன் தரும். மெலிந்த அலையையும் ஏற்று உரிய ஒலியாக்கித் தருவதே நல்ல வான்கம்பியின் இயல்பு. எளியோரின் மெல்லிய குரலையும் செவியேற்று உரியது செய்தலே நல்ல வணிகத்தின் இயல்பாகும்.