மிதித்தால் சத்தமா, விட்டால் சத்தமா?

தேக்கா அருகே சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்கு. உங்கள் ஹோண்டா சிவிக் டைப் ஆர் நியூட்ரலில் நிற்கிறது. அடியிலிருந்து 'கிர்ர்' என்று ஓர் ஓசை. 6 கியர் கொண்ட பெட்டியே போய்விட்டதோ என்று பதறாதீர்கள்; கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள்.

மிதிக்காதபோது கிளட்ச் தட்டு இன்ஜினோடு சேர்ந்தே சுழலும். அதனால் நியூட்ரலிலும் கியர்பெட்டிக்குள் நுழையும் தண்டு ஓயாது. மிதித்ததும் தண்டு நின்றுவிடும். ஓசையும் கூடவே நின்றால், அந்தத் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். (இலேசான கடகடப்பு மட்டும் என்றால், பல வண்டிகளில் அது இயல்புதான்.)

மிதிக்கும்போதுதான் கீச்சிடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கும். அதை மாற்றவும் கியர்பெட்டியை இறக்கியாக வேண்டும். ஆனால் பெட்டியைப் பிரிக்கத் தேவையில்லை. செலவில் பெரிய வித்தியாசம் அங்கேதான். பட்டறையில் விலை கேட்கும்போது, ஓசை எப்போது வருகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.