முதுகுப்பையும் மலைப்பயணமும்

நம் ஊர்க் குழாயில் வரும் தாமிரபரணி, பொதிகை மலையில் பிறந்து, முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அப்பொதிகையின் உச்சியாகிய அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரமுடையது. கேரளத்துப் போணக்காட்டில் நடையைத் தொடங்கி, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மூன்று நாட்களில் ஏறித் திரும்ப வேண்டும். பெண்கள் அங்கே ஏறுவதற்கு இருந்த தடை கேரள உயர்நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பால் நீங்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் பெண்மணி உச்சியை அடைந்தார். வழி திறந்துவிட்டது. அவ்வழியில் நம் சுமையை நாமே தூக்கிச் செல்லும் முறையை அறிவோமா?

முதலாவது, பையின் அளவு. முதுகுப்பைகளை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். ஓர் இரவு தங்குவதற்கு 30 முதல் 40 லிட்டர் போதும். இரண்டு மூன்று இரவுகளுக்கு 40 முதல் 60 லிட்டர் வேண்டும். கூடாரமும் சமையல் சாமான்களும் சேர்ந்தால் அதற்கும் மேல் தேவைப்படலாம். முகாமில் உணவும் இடமும் கிடைக்குமானால் சிறிய பையே நன்று. பெரிய பையில் இடம் மிஞ்சினால் வேண்டாத பொருளெல்லாம் தாமாக வந்து ஏறிக்கொள்ளும்!

இரண்டாவது, எடை. நம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது. 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு 9 கிலோவே எல்லை. அதிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ ஆகிவிடும். மயிலிறகானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தது நம் முதுகுக்கும் பொருந்துமன்றோ?

மூன்றாவது, பொருத்தம். தலையைக் குனிந்தால் பிடரியின் கீழே ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை தையல் நாடாவால் தோழியை அளக்கச் சொல்லுங்கள். அதுவே நம் முதுகின் நீளம். பை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். உயரம் ஒன்றாக இருப்பவர்களுக்கும் இந்நீளம் வேறுபடும். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் சுமையின் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். இடுப்பில் குடம் சுமந்த நம் பாட்டிமார் இதை அறிந்தவர்களே.

நான்காவது, அடுக்கும் முறை. தோணியில் கனமான சரக்கை அடியில் ஏற்றுவார்கள். முதுகுப்பையில் அப்படியன்று. அடியில் படுக்கைப் பையும் இரவு உடைகளும், நடுவில், முதுகை ஒட்டி, உணவுப் பொருள் போன்ற கனமானவை, வெளிப்பக்கம் இலேசானவை, உச்சியில் மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, டார்ச் விளக்கு. கனம் முதுகை விட்டு விலகினால் பை நம்மைப் பின்னோக்கி இழுக்கும். நாமும் கூன் போட்டு நடப்போம். இடம் வலம் சமமாக இருப்பது மட்டும் தோணிக்கும் பைக்கும் பொது. துணிகளை நீர் புகாத உறையில் கட்டுதல் அவசியம். நனைந்த பருத்தி எளிதில் காயாது. மலைக்குளிரில் உடம்பை நடுங்க வைக்கும்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே, நிறைத்த பையுடன் கடற்கரை மணலில் நடந்து பழகுவோம். பொதுச் சாமான்களை அவரவர் வலிமைக்கேற்பப் பகிர்ந்துகொள்வோம். “பெண்பிள்ளைக்கு மலை எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு, சொந்தச் சுமையுடன் ஏறும் நம் கால்களே விடை சொல்லட்டும்.