கசடும் கல்லாகும்

காஞ்சி மாநகரில் பழைய பட்டுச் சேலைகளை விலைக்கு வாங்குவோர் உண்டு. நைந்து கிழிந்த சேலையால் அவர்க்குப் பயன் யாது? அதன் சரிகையில் வெள்ளி உண்டு. சேலையை எரித்து, எஞ்சியதை உருக்கினால் அவ்வெள்ளி மீளும். பயன் அறிந்தவனுக்குச் சாம்பலும் செல்வமாம்.

இச்சாம்பலினும் பன்மடங்கு பெரிய குவியல்கள் நம் நாட்டில் உள்ளன. மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல் மின்நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் சாம்பல் எஞ்சுகிறது. இரும்பு உருக்கும் ஊதுலைகளில், தாதுவிலுள்ள மண் சுண்ணாம்புக்கல்லோடு கூடி உருகிக் கசடாக மிதக்கிறது. இவற்றை வாளா கொட்டினால் நிலம் பாழாகும், நீர் கெடும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்தமையால் மீனவர் தொழில் நலிவுற்றதன்றோ?

இக்கசட்டைக் கல்லாக்கும் வழி ஒன்று தற்செயலாய்ப் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்க அறிஞர் டொனால்டு ஸ்டூக்கி கண்ணாடித் தகடொன்றை உலையில் இட்டார். கருவி பழுதுற்றமையால் வெப்பம் 600 பாகைக்கு மாறாக 900 பாகைக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகியிருக்கும் என்றெண்ணி உலையைத் திறந்தார். அதுவோ பால்போல் வெளுத்து, வடிவு கெடாமல் இருந்தது. இடுக்கியினின்று நழுவி வீழ்ந்தும் உடைந்திலது. உள்ளே நுண்படிகங்கள் செறிந்தமையே காரணம். இதுவே கண்ணாடிப் பீங்கான்.

1960களில் சோவியத் நாட்டார் இம்முறையை ஊதுலைக் கசட்டிற்குப் பயன்படுத்தினர். கசட்டுடன் மணல் முதலியன சேர்த்து உருக்கிப் பலகையாக்கினர்; பின்னர் அதனை மீண்டும் சூடேற்றினர். முதற்சூட்டில் படிக வித்துகள் தோன்றும். மேற்சூட்டில் அவை வளர்ந்து நெருங்கும். பட்டுக்குச் சாயமிடுவோர் பதம் பார்ப்பதுபோல் இங்கும் சூட்டின் பதம் தவறலாகாது. இவ்வாறு செய்த பலகை எளிதில் தேயாது, நீரை உறிஞ்சாது, தரைக்கும் சுவருக்கும் ஏற்றது.

ஆயினும், இதற்கு எரிபொருள் மிகுதியும் வேண்டும். ஆதலின், சுவர் எழுப்ப எளிய முறையொன்று நம் நாட்டில் பரவியுள்ளது. சாம்பலுடன் சுண்ணாம்பு, ஜிப்சம், மணல் ஆகியவற்றைக் கலந்து அழுத்திச் செங்கல் வடிவாக்குவர். நீர் தெளித்து இறுகச் செய்வர். சூளை வேண்டுவதில்லை. மின்நிலையங்களை அடுத்த பகுதிகளில் செங்கல் செய்வோர் சாம்பலைப் பயன்படுத்த வேண்டுமென 1999ஆம் ஆண்டில் இந்திய அரசு ஆணையிட்டது.

வயலின் மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதைச் சூளையிலிட்டுச் செங்கல்லாக்கச் சில நாள்கள் போதும். சாம்பற்கல் ஒவ்வொன்றும் உழவனின் மண்ணைச் சிறிதேனும் காக்கிறது. மாணவர்களே! ஒரு பொருளைக் கழிவு என ஒதுக்குமுன், அதன் பயனை ஆராய்ந்தோமா என்று எண்ணிப் பாருங்கள்.