வீட்டிலோர் இருப்புப்பாதை

இரயில்வண்டியைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். அம்மகிழ்ச்சி வளர்ந்தோரையும் முற்றும் விட்டு நீங்குவதில்லை. அதனாலன்றோ மெய்யான வண்டியைப் பன்மடங்கு சிறிதாக்கி, தண்டவாளத்தோடும் நிலையத்தோடும் பலகைமீது அமைத்து ஓட்டுங் கலை மேனாடுகளிற் செழித்தது! ஜெர்மனி தேசத்து மார்க்லின் கம்பெனியார் 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் தம் விளையாட்டு இரயிலைப் பாதையோடு சேர்ந்த ஒரு தொகுதியாகக் காட்டினர். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பார் 1920இல் இத்தொழிலில் இறங்கினார். நம் நாட்டிலும் புனே நகரத்து ஜோஷி சிற்றுருவ இரயில் காட்சிச்சாலை 1998 முதல் இக்கலையைப் பொதுமக்கட்குக் காட்டி வருகின்றது.

விருதுநகர், சிவகாசிப் பக்கங்களில் வாழும் நம்மனோர் வீடுகள் பெரும்பாலும் சிறியன. அவற்றில் இத்தகைய பாதையொன்று அமைக்க விழையும் மாணவர்க்குக் கண்ணைக் கவரும் நீண்ட எஞ்சினையும் பளபளக்கும் பயணிப் பெட்டிகளையும் முதலில் வாங்கவேண்டுமென்றே தோன்றும். அவ்வாறு வாங்கியவை ஓட இடமின்றி அலமாரியில் உறங்குதல் கூடும். இவை பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்காதலின் சுங்கமும் கப்பற்கூலியும் சேர்ந்து விலை ஏறும். மாணவர் பணமோ பலமுறை செலவிடற்கு உரியதன்று. ஆதலின் இடம் முதலது, வளைவு இரண்டாவது, வண்டி மூன்றாவது என்னும் வரிசையே தக்கதென்பதை ஈண்டு விளக்க முயல்வேன்.

முதற்கண் அளவுவிகிதம் இன்னதென அறிதல் வேண்டும். மெய்வண்டியில் 87 அடி நீளமுள்ளது மாதிரியில் ஓர் அடியாகக் குறுகுமாயின், அதனை 1:87 என்று குறிப்பர், எச்.ஓ. என்பது இதன் பெயர். 1:160 விகிதம் 'என்' எனப்படும். 1:220 விகிதம் 'இஸட்' எனப்படும். இதனை மார்க்லின் கம்பெனியார் 1972இல் வெளியிட்டனர். இம்மூன்றன் தண்டவாள இடையகலம் முறையே 16.5, 9, 6.5 மில்லிமீட்டர். சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ஐ.சி.எப். தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிப் பெட்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் நீளம் ஏறக்குறைய 21.3 மீட்டர். எச்.ஓ.வில் அது 245 மில்லிமீட்டராகும். என் அளவில் 133. இஸட் அளவில் 97.

இனி, இடத்தைப் பற்றிக் கூறுவேன். வண்டி நில்லாது சுற்றிவரல் வேண்டுமாயின் பலகையின் அகலத்தை வரையறுப்பது வளைவே. எச்.ஓ.வில் ஆயத்தமாகக் கிடைக்கும் குறுகிய வளைவுகளுள் ஒன்றின் ஆரம் 360 மில்லிமீட்டர். அதனை இரட்டித்தால் 720. வண்டி தடம் புரளினும் தரையில் விழாதபடி இருபுறமும் சிறிது இடம் விடின் 900, அஃதாவது 3 அடி ஆகும். ஒரு கயிற்றுக் கட்டிலின் அகலம் ஏறக்குறைய இவ்வளவே. என் அளவில் 249 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு கிடைப்பதால் 2 அடிப் பலகை போதும். இஸட் அளவில் ஒன்றேகால் அடியே சாலும்; எனினும் அத்துணைச் சிறிய வண்டிக்கு ஒரு தூசியும் பெருந்தடையாகும். காற்றிற் புழுதி மிகுந்த நம்மூர்க்கு அது முதற்றேர்வாகாது.

வளைவைக் கண்டபின் வண்டியின் நீளம் தானே விளங்கும். வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்திற்கு மூன்று மடங்கேனும் இருத்தல் நன்றென்பது இக்கலையிற் பயின்றோர் கைக்கொள்ளும் ஒரு கணக்கு. இக்கணக்கின்படி 360 மில்லிமீட்டர் வளைவில் 120 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டி இனிது ஓடாது. 245 மில்லிமீட்டர்ப் பெட்டியோ வளைவில் நடுவயிறு உட்புறமும் முனைகள் வெளிப்புறமும் துருத்தி நிற்கும். சிலபோது தடமும் புரளும். என் அளவிலும் 249 மில்லிமீட்டர் வளைவுக்கேற்ற பெட்டி 83 மில்லிமீட்டரே. ஆகவே சிறு பலகைக்கு உரியது விரைவுவண்டியன்று. குறுகிய எஞ்சினொன்றும் நான்கு சக்கரச் சரக்குப் பெட்டிகள் நான்கைந்துமேயாம்.

இதனைக் குறையென்று எண்ணற்க. விருதுநகர் பருத்தி, மிளகாய், எண்ணெய், பருப்பு வாணிகத்தாற் பேர்பெற்ற ஊர். சரக்குவண்டியே அதன் இயல்புக்கு ஏற்றது. சுற்றிவரும் வண்டி சில நாளிற் சலிப்புத் தரும். இரண்டு பாயிண்டுகளும் ஒரு சரக்குக் கொட்டகையும் அமைத்து, 'எப்பெட்டியை எங்கே விடுவது' என ஷண்டிங் செய்தல் சதுரங்கம் போல் அறிவுக்கும் விருந்தாகும். அதற்கு வளைவும் வேண்டா. சுவரோரத்தில் 5 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள பலகையே போதும்.

நம் நாட்டினர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டரை 87ஆற் பெருக்கினால் 1435 வரும். அது ஐரோப்பா அமெரிக்காவின் பாதையகலம். நமது அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை உள்ளவாறு காட்ட 19 மில்லிமீட்டருக்குச் சற்று மிகையான தண்டவாளம் வேண்டும். அது கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதரிது. மீட்டர் பாதைக்கோ இத்துன்பமில்லை. 1000 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 ஆகும். சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் இரயில்வே நம் பழைய பாதையைப் போன்றே மீட்டர் அகலமுடையது. அதன் மாதிரிகளுக்காகப் பேமோ முதலிய கம்பெனியார் விற்கும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் நமக்கும் பொருந்தும். என் அளவிற் செய்வோர் இஸட் தண்டவாளத்தையே பயன்படுத்தலாம்.

இப்பொருத்தம் நமக்குப் பெரும்பேறாகும். யாதோவெனின், நம் மாவட்டத்தின் இருப்புப்பாதைகள் யாவும் மீட்டர் பாதைகளாகவே பிறந்தவை. விருதுபட்டி என வழங்கிய நாளில், 1876இல், மதுரை-தூத்துக்குடிப் பாதை இவ்வூர் வழியே வந்தது. 1927இல் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குக் கிளை பிரிந்தது. 1963இல் அருப்புக்கோட்டைக்கும் பாதை அமைந்தது. பின்னர் இவை ஒவ்வொன்றாக அகலப்பாதையாயின. 2013இல் மானாமதுரைக் கிளையும் மாறியது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் பாதையில் வண்டி ஓடக் காணவேண்டின் நீலகிரிக்கே செல்லுதல் வேண்டும். அம்மலைவண்டியின் குறுகிய பெட்டிகளும் சிறு பலகைக்கு ஏற்றவையே.

ஓட்டும் முறையிலும் சில எச்சரிக்கைகள் உள. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் நல்ல கருவியின் வாயிலாகவே தண்டவாளத்திற்கு மின்சாரம் விடுக. தண்டவாளத்திற் புழுதி படியின் மின்னோட்டம் தடைப்படும். ஓட்டுமுன் துணியால் துடைத்தல் வேண்டும். கோடையில் மாடியறை கொதிக்குங்கால் தண்டவாளம் நீளும். இணைப்புகளிற் சிறு இடைவெளி விடுக. யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று: சக்கரம் தண்டவாளத்தை நொடிப்பொழுது விட்டு நீங்கினும் நுண்பொறி தோன்றும். ஆதலின் பட்டாசோ, மருந்தோ, திரியோ, தீப்பெட்டிச் சரக்கோ இருக்குமிடத்தின் அருகே இவ்வண்டியை ஒருபோதும் ஓட்டலாகாது. நம் பக்கத்துப் பிள்ளைகட்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

நிலையமும் வீடுகளும் செய்தற்கு வெளிநாட்டுப் பெட்டியொன்றும் வாங்கவேண்டுவதில்லை. சிவகாசி அச்சகங்களிற் கழிக்கும் அட்டைத்துண்டு சுவராகும். மருந்து தோய்க்காத தீக்குச்சி வேலியாகும். சலித்த கரிசல் மண் பசையோடு கலந்து நிலமாகும். மண்ணை இடுமுன் அதன்மீது காந்தத்தை ஓட்டி இரும்புத்துகளை நீக்குக. இன்றேல் அத்துகள் எஞ்சினின் மோட்டாருட் புகுந்து கெடுக்கும்.

இறுதியாக ஒன்று கூறுவேன். பழைய சிவகாசி நிலையத்தில் எஞ்சினுக்கு நீர் வார்த்த தூண் எங்கே நின்றது, சரக்குக் கொட்டகைக்குச் சென்ற தண்டவாளம் எப்பக்கம் பிரிந்தது என்பனவற்றை நேரிற் கண்டோர் இன்றும் நம் தெருக்களில் வாழ்கின்றனர். அவர்தம் நினைவு என்றும் நம்மிடம் இராது. பலகையை அறுக்குமுன் நம் தாத்தாமாரையும் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியரையும் அணுகி வினவி, அவர் சொன்னதைத் தாளில் வரைந்துகொள்வோமாக. விலைக்கு வாங்கும் வண்டி எந்நாட்டுக் கடையிலும் கிடைக்கும். அவ்வரைபடம் வேறெங்கும் கிடையாது. சிறிய வண்டியைத் தேர்ந்து, சிறிய பலகையில், பெரியோர் நினைவைக் கொண்டு அமைக்கும் பாதை விளையாட்டாய் நின்றுவிடாது. அஃது ஊரின் வரலாறாகும்.